செல்ஃப் மேல பழி போடாதே மாப்ளே

டைனமோவைக் கழட்டி ஆல்டர்னேட்டர் போட்டாச்சு, ஹாலஜன் போட்டாச்சு, எஞ்சினுக்குப் பளபளன்னு பெயின்டும் அடிச்சாச்சு. அம்பாசிடர் மட்டும் கிளம்பல! இத்தனை செலவு பண்ணி, மல்லேஸ்வரம் மேட்டுல நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்றே பாரு, ஐ.டி. மூளைன்னா சும்மாவா?

சாவியைத் திருப்பினா 'டக்'குனு ஒரு சத்தம், அதோட சரி. உடனே செல்ஃப் மோட்டார் போச்சுன்னு புதுசு வாங்க ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பிட்டே. கடைக்காரர் எங்கேயும் ஓடிட மாட்டார். ரெண்டு மூணு தடவை செல்ஃப் அடிச்சுட்டு சோக் கேபிளைத் தொட்டுப் பாரு. சுடுதா? பெங்களூர் குளிருக்கு இதமா இருக்கேன்னு விட்டுறாதே மாப்ளே, திருடன் அங்கேதான் இருக்கான்.

எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது ரப்பர் மவுண்ட் மேல. செல்ஃப் குடிக்கிற 150, 200 ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்பிப் போகணும்னா, எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டை வேணும். பெயின்டர் அதைக் கழட்டி ஓரமா வெச்சுட்டார், இல்லேன்னா பெயின்ட் மேலேயே முடுக்கிட்டார். கரண்டு என்ன பண்ணும் பாவம்? சோக் கம்பி வழியா நெருக்கியடிச்சுப் போகுது.

ஹெட்லைட் நல்லா எரியுதேங்கிறியா? லைட்டுக்கு எர்த் பாடியில, எஞ்சின்ல இல்லே. எஞ்சின் எர்த்துல 0.01 ஓம் தடை இருந்தா போதும், 200 ஆம்பியர்ல 2 வோல்ட் அங்கேயே கோவிந்தா! செல்ஃப் அடிக்கறப்போ பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கி நிக்கும், அதுலயும் ரெண்டு போனா மோட்டார் எப்படிச் சுத்தும்?

ஆன்லைன்ல வாங்கி வெச்சியே மல்டிமீட்டர், அதோட பிளாஸ்டிக்கை முதல்ல கிழி. வண்டி நியூட்ரல்ல இருக்கட்டும், காயில் ஒயரைக் கழட்டு. நெகட்டிவ் எர்த் வண்டின்னா, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, இன்னொண்ணு எஞ்சின் பிளாக்குல, பெயின்ட் இல்லாத இடத்துல. செல்ஃப் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டைத் தாண்டிச்சுன்னா எர்த்துதான் குற்றவாளி. ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவுல இருந்து எஞ்சினுக்கு நேராப் பிடி, சர்ருனு சுத்தினா அதுவே தீர்ப்பு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. பழைய மோரிஸ் வம்சத்து வண்டிங்கள்ல பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காம ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தா டயோடுக்குக் காரியம் பண்ணிடு.

இவ்வளவு சொல்லியும் புது செல்ஃப்தான் வேணும்னா தாராளமா வாங்கு. அதே கடையில எர்த் பட்டை ஒண்ணும், உப்புத்தாள் ஒண்ணும் சேர்த்து வாங்கிக்கோ. வந்ததும் பெயின்டைத் தேய்ச்சுட்டு பட்டையை முதல்ல மாட்டு, செல்ஃப் டப்பாவைப் பிரிக்காதே. பிரிச்ச சாமானை எவன் திருப்பி எடுப்பான்?