வெயிலுக்குத் தனிக் காசு

பொங்கலுக்குப் பாரிசிலிருந்து வந்திருக்கும் எங்கள் பெரியப்பா மகன் நேற்றுச் சாயங்காலம் காரைக்கால் கடற்கரையில் இளநீர்க்காரரிடம் பத்து ரூபாய்க்காக மல்லுக்கு நின்றார். "அறுபதா? போன தடவை அம்பதுக்குத்தானே வெட்டுனே?" என்று தொடங்கியது, மரம் ஏறுகிறவர் கூலி, வண்டி வாடகை, தேங்காய் விலை என்று போய், கடைசியில் அந்தப் பத்து ரூபாயை நான் கொடுத்ததில் முடிந்தது. அண்ணன் நிதானமாகக் குடித்தார். வழுக்கையையும் வழித்துத் தின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, லூவ்ர் மியூசியம் டிக்கெட்டை ஏத்திட்டான் தெரியுமா? ஒன்ன மாதிரி ஆளுக்கு இப்ப முப்பத்திரண்டு யூரோ. எங்களுக்கு அதே இருபத்திரண்டுதான். போன வருஷம் வந்தப்பவே உள்ளே போயிட்டு வாடான்னேன். கஞ்சப்பய, கேட்டியா?" என்றார்.

கஞ்சப்பய. சொன்னது யார் என்று பாருங்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

முதலில், யூரோவை ரூபாயாக்கும் பெருக்கல். அதைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் நீங்கள் வாய்க்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் நான் போன நேரம் யூரோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. இது எவ்வளவு பெரிய கொடுமை என்பது கணக்கில் மட்டமானவர்களுக்குத்தான் புரியும். யூரோ எண்பத்தேழு, எண்பத்தொன்பது என்று இருந்த காலத்தில் போனவர்கள் புண்ணியம் செய்தவர்கள். 3.40-ஐ எண்பத்தேழால் மனக்கணக்காகப் பெருக்கி முடிப்பதற்குள் காப்பியைக் குடித்து முடித்திருப்பார்கள். விடை வருவதற்குள் ருசி வந்துவிடும். எனக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பலகையைப் பார்த்த மாத்திரத்தில் பின்னால் இரண்டு சுழியம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வடை 100. தண்ணீர் பாட்டில் 200. காப்பி 450.

450 ரூபாய்க் காப்பி வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடிப்பது. அதையே உள்ளே போய்க் கல்லாவை ஒட்டி நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. இது அந்த ஊர் வழக்கம். யாரும் மறைப்பதில்லை, பலகையில் இரண்டு விலையையும் போட்டே வைத்திருக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து டீக்கடையில் நின்றுகொண்டுதான் குடித்திருக்கிறேன். ஒரு மாஸ்டரும் எனக்கு அதற்காகத் தள்ளுபடி கொடுத்ததில்லை. சரி, உட்கார்ந்தால் கால் வலி மிச்சம், அதற்கு ஒரு காசு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வெளியே ஏன் இன்னும் ஏற்றம்? அண்ணனைக் கேட்டேன். "வெளில வெயில் அடிக்குதுல்லடா" என்றார்.

வெயில்! சித்திரையில் மத்தியானம் திருநள்ளாறு போய்ப் பாருங்கள். நளன் குளத்துப் படியில் வெறுங்காலோடு நிற்கிறவர்களிடம் ஆளுக்கு ஒன்றரை யூரோ வெயிலுக்காக வசூலித்தால் புதுச்சேரி அரசு மத்திய அரசிடம் கையேந்தவே வேண்டாம். எங்கள் கொல்லையில் மிளகாய் காய்வதும் வடாம் காய்வதும் கருவாடு காய்வதும் ஓசி வெயிலில்தான். அந்தக் கருவாட்டில் பாரிஸ் வெயில் விலையை ஏற்றினால் கிலோ என்ன ஆகும் என்று மெத்ரோவில் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. போனால் போகட்டும் என்று விட்டேன். காரணம் உண்டு. 2025-ல் ஒரு தடவை ஏறினால் 2.50 யூரோ வாங்கினார்கள். ஒரு ஸ்டேஷன் போனாலும் அதேதான், ஊர்க்கோடிக்குப் போனாலும் அதேதான். 250 ரூபாய் கொடுத்துவிட்டு ஒரே ஸ்டேஷனில் இறங்க மனம் வருமா? மேலே வராமல் இரண்டு மணி நேரம் வண்டி மாறி மாறிப் போகலாம் என்று அண்ணன் வேறு சொல்லிவைத்திருந்தார். போனேன். தரைக்கு அடியில் இருக்கும் பாரிசை என்னளவுக்குப் பார்த்த காரைக்கால்காரர் இருக்க முடியாது. தரைக்கு மேலே இருப்பதைப் பற்றித்தான் அவ்வளவாகச் சொல்லத் தெரியவில்லை. ஈஃபில் கோபுரத்துக்குப் போனேன். லிஃப்டில் போனால் ஒரு விலை, படியேறினால் அதைவிடக் குறைச்சல். குறைச்சல்தான், ஆனால் நானே ஏறி, நானே மூச்சு வாங்கி, நானே காசும் கொடுப்பதா? கீழேயிருந்து பார்த்தாலே நன்றாகத் தெரிந்தது.

தங்குவதற்கு முதலில் இளைஞர் விடுதிதான் பார்த்தேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் அங்கேதான் தங்குவார்களாம். எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் படுக்கை 40 யூரோ. நாலாயிரம் ரூபாய்க்கு அப்பர் பெர்த்! எங்கள் ஊர் ராத்திரி ரயிலில் அதே அப்பர் பெர்த் சில நூறு ரூபாய்தான், காலையில் சென்னையில் இறக்கியும் விடுகிறது. இந்தப் படுக்கை இருந்த இடத்திலேயே இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு பாரிசுக்குப் பக்கத்துச் சர்செல்லில் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன். பையில் பாதி கருவாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் சம்பந்தப்பட்டதும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது, ஆகவே அத்தை உருக்கிக் கொடுத்த நெய் காரைக்காலிலேயே நின்றுவிட்டது. மீனுக்கு மட்டும் சொந்தச் செலவுக்கென்று இருபது கிலோ வரை தடையில்லை. நெத்திலியும் வஞ்சிரமும் மூன்று பாலித்தீன் பைக்குள் இருந்தும் விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் வேறு இடம் கேட்டு எழுந்து போனார். அதிலும் லாபம்தான். காலை நீட்டிப் படுத்தேன்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸ் அரசாங்கம் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிட்டது. விசாவுக்கு 90 யூரோ கட்டி (2024 ஜூன் வரை 80), முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத இன்சூரன்சும் எடுத்த பிறகு, கையில் காசு இருக்கிறதா என்று காட்ட வேண்டும். ஓட்டல் பதிவு இல்லாதவர் ஒரு நாளைக்கு 120 யூரோ, ஓட்டலில் தங்குகிறவர் 65, சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர் 32.50. அந்த அரை யூரோவை நினைத்து நான் ஆச்சரியப்படாத நாளில்லை. யாரோ ஒரு பெரிய அதிகாரி அறுபத்தைந்தை இரண்டால் வகுத்து, மீதி விழுந்ததும் விடாமல் புள்ளி வைத்து எழுதியிருக்கிறார். ஓட்டலில் தங்குகிறவன் முழு ஆள், அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறவன் அரை ஆள். அரை ஆளுக்கும் ஒரு சான்று வேண்டும். வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சிக்குப் போய் 30 யூரோ ஸ்டாம்பு வைத்து வாங்க வேண்டியிருந்தது. அண்ணன் வாங்கினார். வாங்கியதை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் சொன்னார். "ரசம் ஊத்திக்கடா. அந்த முப்பது யூரோ ஸ்டாம்பு இருக்கே, அதுக்குக் காலையிலேர்ந்து நின்னேன்."

லூவ்ர் கதைக்கு வருகிறேன். 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேராத நாட்டவருக்கு 32 யூரோ என்பது உண்மைதான். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இப்போது பத்து யூரோ. ஆயிரம் ரூபாய். ஒரே திருமலைராயன்பட்டினத்து வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் எப்படி வந்தது என்றால், 1962-ல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வசமிருந்த காரைக்காலை 1954 நவம்பரிலேயே இந்தியாவிடம் விட்டுக் கொடுத்துவிட்டாலும் அதற்கான ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அப்படியே இருக்கலாம். கொடுக்காதவர்கள் இந்தியர். பெரியப்பா கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு அம்மா சொல்லும் காரணம் தேசபக்தி. அப்பா கதர் கட்டிய படம் ஒன்றும் ஆதாரமாக மாட்டியிருக்கிறது. அத்தை சொல்வது வேறு. மனு எழுதுகிறவர் கேட்ட கூலி அதிகம் என்று அப்பா ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னாராம். அவர் அரை ரூபாய்தான் குறைப்பேன் என்றாராம். அவனாக இறங்கி வருவான் என்று அப்பா திரும்பிவிட்டார். மனுக்காரர் இறங்கவில்லை. ஆறு மாதம் இறங்கிவிட்டது. அத்தை பொய் சொல்கிறவள் இல்லை. அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தவர்களும் அதைத்தான் நம்புவார்கள்.

ஆனால் நான் போன வருஷம் போனபோது இந்தப் பேதமெல்லாம் இல்லை. பெரியப்பா பிள்ளைக்கும் இருபத்திரண்டு, அப்பா பிள்ளைக்கும் இருபத்திரண்டு. கண்ணாடிப் பிரமிடு முற்றத்துக்கு அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். "நீ உள்ளே போய்ப் பார்த்துட்டு வாடா. நான் இங்கே உக்காந்திருக்கேன்" என்றார்.

"நீங்க வரலையா அண்ணே?"

"எனக்கென்ன, இங்கேயேதானே இருக்கேன். எப்ப வேணாலும் போலாம்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை போயிருக்கீங்க?"

அண்ணன் பிரமிடைப் பார்த்தார். நாற்பது வருஷமாகச் சர்செல்லில் இருக்கிறவர். பேச்சை மாற்றி, பசிக்கிறதா என்றார். அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதத்தைக் கல்திட்டில் உட்கார்ந்து பிரித்தோம். ரிச்சர்டு வாலஸ் என்ற ஆங்கிலேயப் புண்ணியவான் 1872-ல் பாரிஸ் தெருக்களில் குடிதண்ணீர் ஊற்றுகள் வைத்துக் கொடுத்தார். அந்தப் பச்சை நிற ஊற்று ஒன்றிலிருந்து அண்ணன் காலையிலேயே இரண்டு பாட்டில் பிடித்து வந்திருந்தார். 2006 முதல் தெருக் கழிப்பறைகளும் ஓசிதான். லூவ்ர் வரிசை மளமளவென்று நகர்ந்துகொண்டிருந்தது. கழிப்பறை வரிசை அதைவிட நீளம். நாங்கள் இரண்டு பேரும் அதில் போய் நின்றோம்.