கேள்வி - பதில்: அவர்களும் பெண்கள்தானே?

இலங்கைப் பெண்களுக்கு ஓட்டுரிமை வெள்ளைக்காரன் தானாகத் தூக்கிக் கொடுத்ததுதானே? யார் போராடினார்கள்?

கேட்காமலே கொடுக்கிறவன், சொந்த நாட்டில் 21 வயதுப் பெண்ணை 1928 வரை ஏன் காக்க வைத்தான்?

1927-ல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியவர்கள், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்த பிரிட்டிஷ் டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் நின்றார்கள். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வாவிடம் ஆணைக்குழுவினர் கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார் அவர். செல்வாக்குள்ள ஆண் தலைவர்கள் பலர் எல்லோருக்கும் ஓட்டு என்றாலே முகம் சுளித்த காலம்! அந்தத் துணிச்சலுக்கு எத்தனை முறை கை தட்டினாலும் தகும்.

சரி, 1931-ல் ஓட்டு வந்தது. அதனால் என்ன கிழித்தார்கள்?

அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்க சபைக்குள் போனார். ஒரு தமிழ்ப் பெண், 1932-ல்!

கிழித்ததும் நடந்தது, கிழித்தவர்கள் வேறு. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் அதே தோட்டங்களின் மலையகத் தமிழர் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தன. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இல்லை.