சுண்டியதா, தள்ளியதா: மத்தூர் வட்டாரக் கேரம் வழக்குகள் குறித்து ஓர் ஆய்வு

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில் இருக்கிறது மத்தூர். போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் மாலையில் கேரம் பலகையைச் சுற்றிக் கூடுகிறார்கள். அங்கே எழும் சச்சரவுகள் பெரும்பாலும் கணக்கைப் பற்றியவை அல்ல, கையைப் பற்றியவை. அறிவுலகம் இதுவரை இதைக் கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது.

1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிகள் இதில் பாதி தூரம்தான் கைகொடுக்கின்றன. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது; விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடைக்குத் தராசு உண்டு, விட்டத்துக்கு ஸ்கேல் உண்டு. ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது என்பதும் விதி. இதற்கு என்ன கருவி? விரல் எவ்வளவு தூரம் ஸ்ட்ரைக்கரோடு கூடவே போனால் அது தள்ளல்? பகலெல்லாம் வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்துவிட்டு வருகிற ஆபரேட்டரே பலகை முன்னால், "லைட்டாத்தான் பட்டுச்சுப்பா" என்கிறார்.

ஒரு மாதிரி வழக்கு. சிவப்புக் காயைப் போட்டாயிற்று, அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காய் பாக்கி. மூலையை ஒட்டினாற்போல ஒரு வெள்ளைக் காய். விரல் அசைந்தது, காய் விழுந்தது.

"மச்சி, தள்ளிட்ட."

"சுண்டுனேன்டா. நகம் பட்ட சத்தம் கேக்கல உனக்கு?"

"எங்க கேக்கறது? அப்பத்தான் பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான்."

ஒலிச்சான்று இவ்வாறு கெட்டுவிட்டால் கண்சாட்சியை நாட வேண்டும். 1991, 1995 உலகப் போட்டிகளில் பட்டம் வென்ற சென்னை மரிய இருதயம் போன்றவர்கள் ஆடும் மேஜைக்கு நடுவர் உண்டு. மத்தூர்ப் பலகைக்கு அடுத்த செட்டுக்குக் காத்திருப்பவர்கள்தான் உண்டு. இவர்கள் நடுநிலையாளர்கள் அல்லர். ஆட்டம் எந்தத் தீர்ப்பால் சீக்கிரம் முடியுமோ, அந்தத் தீர்ப்பையே கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள். ஃபாலோ விழுந்து போர்டு முடிகிற நிலை என்றால், "சுத்தமான சுண்டுப்பா அது!" நீண்டுகொண்டே போகிற ஆட்டம் என்றால் அதற்குத் தகுந்த மாதிரி.

மற்ற வழக்குகள் சில்லறை. கட்டைவிரலால் அடிப்பது செல்லாது என்று எதிராளி கத்துவார். சம்மேளனம் அதை அனுமதிக்கிறது, எதிராளி அனுமதிப்பதில்லை. அடிகோட்டின் முனையில் உள்ள சிவப்பு வட்டத்தை ஸ்ட்ரைக்கர் முழுக்க மூட வேண்டும், அல்லது தொடவே கூடாது. இதைக் குனிந்து பார்த்தே தீர்த்துவிடலாம், அதனால் இதில் சுவாரசியம் இல்லை. பலகையை டிரம்மின் மேல் வைத்து ஆடும் இடங்களில் குழி விளிம்பில் தொங்கும் காய் யாருடைய முட்டி இடித்து விழுந்தது என்பது மட்டும் தனி ஆய்வுக்குரியது. முட்டிகள் எட்டு, ஒப்புக்கொள்ளும் முட்டி எதுவுமில்லை.

இனி இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்புக்கு வரலாம். ஸ்ட்ரைக்கரை ஒரு விரற்கடை தூரம் அப்பட்டமாகத் தள்ளிக்கொண்டே போனாலும், காய் குழியில் விழாவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. "ச்ச, மிஸ்ஸு" என்று எதிராளி அனுதாபம்கூடக் காட்டுவார். அதே விரல், அதே தள்ளல், காய் விழுந்துவிட்டால் குற்றம். ஆக, தள்ளல் என்பது விரலில் நிகழ்வதல்ல, குழியில் நிகழ்வது. விதிப்புத்தகம் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இந்த உண்மை அதற்குத் தட்டுப்படவில்லை.

எனவே சம்மேளனத்துக்கு ஒரு பணிவான விண்ணப்பம். தள்ளக் கூடாது என்ற விதியை நீக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் அதன் முன்னால் "காய் விழுந்தால் மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள். மத்தூரில் அது ஏற்கெனவே அமலில் இருக்கிறது.