மாடிக்கு வந்த யோகம்

கொரோனா பரவலால் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. நள்ளிரவில் நாடே 21 நாளுக்குக் கதவடைத்தது. தண்ணீர்த் தொட்டி வழிந்தால் மட்டும் ஞாபகத்துக்கு வரும் மொட்டை மாடிக்கு அப்போதுதான் யோகம் அடித்தது.

எதிர்வீட்டில் நாலு நாள் தங்க வந்து, ஊரடங்கில் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்ட ஐ.டி. ஊழியர் ஒருவர். சிக்னலுக்காக மடிக்கணினியோடு மாடி ஏறுவார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. அலுவலகத்துக்குத் தெரிந்தது பாதி. தெருவுக்கு முழுசும் தெரிந்தது. பக்கத்திலேயே பழைய வேட்டியில் கூழ் வடகம் காயும். "மாப்ளே, காக்கா வருது, ஒரு கண்ணு வெச்சுக்கோங்க!" என்று மாமியார் கீழிருந்து குரல் கொடுப்பார். மைக்கை அணைக்காமலேயே அவர் ‘ச்சூ, போ!’ என்று விரட்டியதை மேலாளர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, அந்த வருஷம் சம்பள உயர்வு வரவில்லை.

தெருவில் எல்லோரும் கபசுரக் குடிநீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய கையோடு, டல்கோனா காபிக்கு நுரை அடித்தார்கள். (ஃபில்டர் காபி செய்த பாவம் என்னவோ!)

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார் பிரதமர். எங்கள் தெரு வெடியே வெடித்தது. கடையெல்லாம் அடைத்திருந்த நேரத்தில் சரவெடி எந்தப் பரணிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.