ஒத்தை பீடிக்கு எத்தினி பேனரு?

டேய் கண்ணு, மே 31 வந்தா நீ எங்க நிப்பேன்னு எனக்குத் தெரியும். உலகப் புகையிலை எதிர்ப்பு நாளாச்சே. கையில பதாகை, தலையில தொப்பி, வாயில உறுதிமொழி. அதைப் படிச்சுக் காட்டுற பெரியவரு சட்டைப் பையில இன்னா இருக்குன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத.

கவர்மெண்டு இதுக்குக் காசு செலவு பண்ணக் கூடாதுன்னு சொல்ற கெழவன் இல்லடா நான். தாராளமா பண்ணட்டும். எங்க போடுது, யாருக்குப் போடுது? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவன் இன்னா பைத்தியக்காரனா?

தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம்னு 2007-08ல ஆரம்பிச்சாங்க. மொதல்ல 21 மாநிலத்துல 42 மாவட்டம். அப்பால மத்த மாவட்டங்களுக்கும் பரப்புனாங்க. நல்ல காரியம்தான். ஆனா டெல்லியில ஒரு துறை ‘வுட்டுடுடா’ங்குது. இன்னொரு துறைக்குக் கீழ 1976லேருந்து குண்டூர்ல புகையிலை வாரியம் குந்திக்கினு, ‘நீ வெளைய வை, ஏலத்துக்கு நான் ஆச்சு’ங்குது. நம்ம எல்.ஐ.சி.க்கு சிகரெட்டு விக்கிற ஐ.டி.சி.யில பெரிய பங்கு. ஆயுசுக்கு பாலிசி எழுதறதும் அவங்கதான். 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, பீடி வரியை 28லேருந்து 18ஆ எறக்க முடிவு பண்ணுச்சு. குடியாத்தம் பக்கம் தெண்ணையில குந்தி பீடி சுத்துற பொம்பளைங்க பொழப்பு இருக்குதேன்னு சொல்லுவாங்க. இருக்குது, இல்லேங்கல. அவங்க கூலி ஏறுச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

படிச்சவங்க கணக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. புகையிலை மேல கலால் வரியா 100 ரூபா வந்தா, அதனால வர்ற சீக்குக்கும் சாவுக்கும் நாட்டுக்கு 816 ரூபா நட்டமாம். இந்த லாபத்துக்கு நம்ம மல்லாட்டை யாவாரி எவனாச்சும் கடை தெறப்பானா?

அமாவாசை ராத்திரி நம்ம மலையனூருக்கு வா. அங்காளம்மன் ஊஞ்சல் பாக்க பஸ்ஸு பஸ்ஸா ஜனம் வந்து எறங்கும். பொது எடத்துல புகைக்கக் கூடாதுன்னு 2008 அக்டோபர் 2லேருந்து கண்டிப்பான சட்டம். புடிச்சா 200 ரூபா வரைக்கும் அபராதம். நம்மாளு அந்த போர்டுக்குக் கீழதான் நின்னு தீப்பெட்டி ஒரசுவான். எழுத்துப் படிக்க வெளிச்சம் வேணும்ல!

பாக்கெட்டு மேல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடணும்னு 2016ல கொண்டாந்தாங்க. பார்த்தாலே கொடலைப் பெரட்டும். ஆனா பொட்டிக்கடையில எவன்டா முழு பாக்கெட்டு வாங்கறான்? ஒத்தை சிகரெட்டுதான். கடைக்காரரு பாக்கெட்டைக் கல்லாப் பக்கம் வச்சுக்கினு, ரெண்டு வெரலால ஒண்ணை உருவி நீட்டுவாரு. வாங்கறவன் அதை வாயில வச்சுக்கினு, தொங்குற கயித்து நெருப்புல பத்த வச்சுக்கினு போயிடுவான். அந்தப் பயங்கரமான படத்தை நாளெல்லாம் பார்த்துக்கினு இருக்கறவரு கடைக்காரருதான். அவருக்குப் பாவம், அந்தப் பழக்கமே கெடையாது.

வுடறதுக்கு ஒதவி கேக்க 1800-11-2356ன்னு இலவச நம்பரு வச்சிருக்காங்க, 2016லேருந்து. தமிழ்லயும் பேசுவாங்க. நம்பரை எங்க அச்சடிச்சிருக்காங்க? பாக்கெட்டு மேல. பாக்கெட்டு யார்கிட்ட இருக்குது?

நம்ம ஊருதான் இப்படின்னு தலையில அடிச்சுக்காத. அமெரிக்காவுல 1998ல 46 மாநிலம் சேர்ந்து சிகரெட்டு கம்பெனிங்களை மடக்கி, 25 வருசத்துல 20,600 கோடி டாலர் குடுன்னு எழுதி வாங்குச்சுங்க. வந்த பணத்துல பெரும்பங்கு பட்ஜெட்டு ஓட்டையை அடைக்கப் போயிடுச்சு. புகையை நிறுத்தறதுக்கு வந்தது கிள்ளுக்கீரை.

காலையில கண்ணு முழிச்சதும் பீடி இல்லாம கை நடுங்கறவனுக்கு உறுதிமொழி எதுக்குடா? அவனுக்கு வேண்டியது மருந்து. மெல்லுற நிகோடின் கம்மு, ஒட்டுற பட்டை எல்லாம் 2022ல நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல ஏறியாச்சு. ஆனா முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னா செஞ்சியில மாறி, விழுப்புரத்துல மாறி, ஒரு நாள் கூலி போச்சு. பீடி தெரு முக்குலயே கெடைக்குது. எது ஜெயிக்கும்?

2021லேருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து பி.பி. பார்க்குது, சக்கரை மாத்திரை குடுக்குது. ‘தாத்தா, மாத்திரை போட்டீங்களா?’ன்னு மெரட்டுது. அந்தப் புள்ளைக்கு நம்ம ஊரு கெழவனுங்க பயப்படற மாதிரி எந்த அமைச்சருக்கும் பயப்பட மாட்டானுங்க. அது ‘எத்தினி பீடி குடிக்கிறீங்க?’ன்னும் சேர்த்துக் கேட்டுட்டு, பையிலேருந்து கம்மை எடுத்துக் குடுத்தா போதும். அடுத்த வாரம் வந்து திரும்பவும் கேக்கட்டும்.

வர்ற மே மாசம் பேனருக்கு வசூல்னு எங்கிட்ட வந்து நிக்காத. கலெக்டராபீசுக்கு ஒரு மனு எழுது. அந்தப் பொண்ணு பையில கம்மைப் போடச் சொல்லு, அதுக்குக் கூலியையும் கூட்டச் சொல்லு. மொதல் கையெழுத்து நான் போடறேன்.