முலாமின் வாக்குமூலம்

முலாம் பூசுவது என்றாலே நம் மொழியில் வசவுதான். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் செய்த வெள்ளிமுலாம் தீப்பெட்டி உறை, விசிட்டிங் கார்டு பெட்டி, கைக்கண்ணாடி வகையறாவையும் ‘டூப்ளிகேட்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். என் கட்சி வேறு: இத்தனை ஒழுங்காக வாக்குமூலம் கொடுத்த போலி உலகத்தில் குறைவு. பர்மிங்காமின் எல்கிங்டன்கள் 1840-இல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, கனவான் வேஷம் கட்டும் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் பொருளைப் புரட்டினால் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று குத்தியிருக்கும். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று பொருள். அந்த நிக்கல் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் உண்டு. வெள்ளி மட்டும் கிடையாது. நம்மூர்த் தாம்பூலப் பையில் வரும் குங்குமச் சிமிழுக்குச் சொல்கிற ‘ஜெர்மன் சில்வர்’ என்பதும் இதே கலவையின் பெயர்தான். பெயரிலே வெள்ளி, உடம்பிலே செம்பு.

“நான்கு எழுத்தையும் தனித்தனிக் கேடயத்துக்குள் அடைத்து, அசல் முத்திரை மாதிரி காட்டினார்களே, அது பித்தலாட்டம் இல்லையா?” என்று கேட்கலாம். உடுப்பு இரவல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1000-க்கு 925 பங்கு வெள்ளி என்று உறுதி சொல்லும் நடைபோடும் சிங்கம் அந்த வரிசையில் இராது. ஷெஃபீல்டுக்காரர்கள் சிலர் ஒருபடி மேலே போய், அவ்வூர் அசல் வெள்ளிக்குரிய கிரீட முத்திரையையே முலாம் சாமானிலும் குத்தினார்கள். 1896-இல் அதற்குத் தடை வந்தது. அந்தத் திருட்டிலும் நமக்கு லாபம்தான்: கிரீடம் இருந்தால் பொருள் பெரும்பாலும் அதற்கு முந்தியது. திருடன் தேதி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

முத்திரையே தேய்ந்துபோயிருந்தால்? காந்தத்தைத் தேடாதீர்கள், அது வெள்ளியிலும் ஒட்டாது, நிக்கல் சில்வரிலும் ஒட்டாது. தீப்பெட்டி உறையையே உற்றுப் பாருங்கள். அடியில் குச்சி உரசும் வரிவரியான பட்டை, ஓரத்தில் சின்னக் கீல், கட்டைவிரல் தினமும் நெம்பித் திறந்த மூடி விளிம்பு. அந்த விளிம்பில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தால் நிக்கல் சில்வர். செம்பு சிவந்து தெரிந்தால் அடியில் செம்புத் தகடு. அசல் வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் வெள்ளிதான். அதனிடம் கண்டுபிடிக்க ரகசியம் ஒன்றுமில்லை. “அப்படியானால் பளபளவென்று தேய்த்து வைத்தால் என்ன?” என்றால், ஒவ்வொரு தேய்ப்பிலும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் துணியில் போகிறது, முலாமில் இருப்பதே கொஞ்சம். ஆகவே பழைய சாமான் கையில் கிடைத்தால் மெருகுப் பொடியை எடுக்காதீர்கள், புது முலாமுக்கும் கொடுக்காதீர்கள். முதலில் பூதக்கண்ணாடியை எடுத்து, தேய்ந்த இடத்தைப் பாருங்கள்.