இன்னும் இருபது வருஷம்

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அணுவைப் பிளந்து எடுக்கும் சக்தி இருக்கட்டும். அணுக்களை இணைத்து, அதில் வரும் சக்தியைக் கட்டுக்குள் வைத்து எடுக்கும் வழி இருபது வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்றார். நான் அப்போது வேளாங்கண்ணியில் ஒரு வயதுப் பிள்ளை. அவர் கணக்குப்படி எனக்கு இருபத்தொரு வயது ஆகும்போது காரியம் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நான் வேறு பிழைப்பு தேடியிருப்பேன். முடியாததால் அதுவே பிழைப்பாகி, சம்பளம், பதவி உயர்வு, பென்ஷன் என்று இன்றுவரை சோறு போடுகிறது.

என் தொழில் பிளாஸ்மா இயற்பியலில் தியரி. பிளாஸ்மா என்றால், அணுக்களை இணைப்பதற்காகச் சூடேற்றியதில் எலக்ட்ரான்கள் கழன்றுபோன வாயு. சோதனைக்காரர்கள் மெஷின் கட்டுவார்கள். அது ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று தியரிக்காரன் எழுதுவான். மெஷின் ஒழுங்காகக் கேட்டுவிட்டால் எங்களுக்கு எழுத விஷயம் கிடைக்காது. அந்த ஆபத்து என் காலத்தில் வரவில்லை.

1983-ல் அகமதாபாத்துக்குக் கிளம்பினபோது ஆரியநாட்டுத் தெருப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். கரண்ட் இல்லை, பெட்ரோமாக்ஸ் விளக்கு புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. "அங்க என்ன வேலைடா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். கடல் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிற வேலை என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே கடல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நல்லது. சீக்கிரமா எடுத்து அனுப்பு. ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருக்கேன்."

நான் சொன்னதில் பொய் இல்லை. கடல்நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களில் ஏறக்குறைய 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம் என்கிற கனமான ரகம். லிட்டருக்கு 33 மில்லிகிராம் தேறும். அதை முழுக்க எரிக்க முடிந்தால் சுமார் 300 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பணம் கேட்டு எழுதும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் முதல் பக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கும். இரண்டாம் பக்கத்தில் வேறொன்று இருக்கும்: இருப்பதில் சுலபமாகப் பற்றிக்கொள்வது டியூட்டீரியமும், அதைவிடக் கனமான ரகமான டிரிட்டியமும் சேர்ந்த கலவை. டிரிட்டியம் கடலில் அள்ளக் கிடைக்காது. பன்னிரண்டு வருஷத்தில் பாதி காணாமல் போய்விடும். உலையைச் சுற்றி லித்தியத்தை வைத்து, அதிலிருந்து நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொண்ட உலை இன்றுவரை உலகத்தில் எங்கும் இல்லை. டீக்கடையில் யாரும் இரண்டாம் பக்கத்தைக் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு முதல் பக்கத்தையும் நான் நிறுத்திவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் நின்ற யாத்திரிகர்களை வாரிக்கொண்டு போன கடலைப் பற்றி, இந்த ஊரில் நின்றுகொண்டு பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் நிலம் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும், திறக்காமல் இழுத்தடித்தாலும், காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்ப்பது எங்களைத்தான். வந்த தண்ணீரை வயலில் நிறுத்துவது அடுத்த பாடு. வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். சாயந்தரம் நிறுத்திய தண்ணீர் விடிகிறபோது பக்கத்து வயலில் நிற்கும். அப்பா ராத்திரியில் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போய், வளை வளையாகத் தேடி, சேற்றை வெட்டிப் போட்டு மிதித்து அடைப்பார். ஒன்றை அடைத்தால் இரண்டு முழம் தள்ளி இன்னொன்று திறந்திருக்கும். டோக்கமாக் என்ற மெஷினில் எங்களுக்கு நடந்ததும் இதேதான். அங்கே வரப்பு காந்தப்புலத்தால் ஆனது. நிற்க வேண்டியது 15 கோடி டிகிரியில் கொதிக்கும் பிளாஸ்மா. நாங்கள் நண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்தோம்: கிங்க், பலூனிங், டியரிங் மோட், டிரிஃப்ட் அலை. அப்பா வளையை அடைத்தார். நான் வளையின் வடிவத்தை விவரித்துக் கட்டுரை எழுதினேன். அவருக்கு நெல் கிடைத்தது, எனக்கு இன்கிரிமென்ட் கிடைத்தது.

சூரியனுக்கே நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரிதானே, உங்களுக்கு எதற்குப் பத்து மடங்கு என்று கேட்பார்கள். சூரியன் அவ்வளவு சாவகாசமான ஆசாமி. அதன் மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கும் சக்தி முந்நூறு வாட்டுக்கும் குறைவு. நாலு மின்விசிறி ஓட்டலாம், அவ்வளவுதான். உருவம் பெரிசு, அதனால் சமாளிக்கிறது. நமக்கு இருக்கும் இடமோ ஒரு கட்டடம். அதற்குள் காரியம் நடக்க வேண்டுமென்றால் சூட்டைத்தான் ஏற்ற வேண்டும்.

தியரிக்காரர்களின் மானத்தை வாங்கிய சம்பவம் ஒன்று உண்டு. 1982-ல் ஜெர்மனியில் கார்ஷிங் என்ற ஊரில், ஆஸ்டெக்ஸ் என்ற மெஷினில் ஃபிரிட்ஸ் வாக்னர் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார். ஏற்ற ஏற்ற ஒழுக்கும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஓர் அளவுக்கு மேல் போனதும் சட்டென்று ஒழுக்கு குறைந்து, பிளாஸ்மா ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்றாக நின்றது. இன்றைக்குப் பெரிய மெஷின்கள் எல்லாம் நம்பியிருப்பது அந்த நிலையைத்தான். எந்தத் தியரிக்காரனும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நடந்த பிறகு எல்லோரும் சொன்னோம், ஆளுக்கு ஒரு விளக்கமாக.

நம் நாட்டில் இந்த ஆட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிரதிமன் கிருஷ்ண காவ். ஸ்ரீநகரில் பிறந்தவர். 1966-ல், பதினெட்டு வயதில், டெல்லி ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். (அந்த வயதில் நான் பி.யூ.சி. கெமிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.) பிரின்ஸ்டனில் பெயரும் வேலையும் இருந்தும் 1982-ல் விட்டுவிட்டு அகமதாபாத் திரும்பி பிளாஸ்மா திட்டத்தைத் தொடங்கினார். 1986-ல் அது பிளாஸ்மா ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனமாகி, காந்திநகர் பக்கத்தில் பாட் என்ற கிராமத்தில் குடியேறியது. 1989-ல் ஆதித்யா ஓடியது. இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கட்டிய டோக்கமாக். வளையத்தின் ஆரம் முக்கால் மீட்டர். முதல் முறை பார்த்தபோது, சூரியனின் பெயரை வைத்திருக்கிறார்களே, இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு ஷாட் ஓடும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார்கள். பச்சைக்கோடு ஒரு மேடு ஏறி இறங்கும். அது ஏறியதா, எப்படி இறங்கியது என்பதை வைத்து நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போடுவோம்.

ஆனால் அந்தச் சின்ன மெஷின் உருப்படியான காரியம் ஒன்று செய்தது. விளிம்பில் பிளாஸ்மா ஒரே சீராகக் கசிவதில்லை, விட்டுவிட்டுக் கொத்துக் கொத்தாக வெளியேறுகிறது என்று ஆதித்யாவில் அளந்து 1992-ல் காவும் சகாக்களும் எழுதினார்கள். பின்னால் பெரிய மெஷின்களிலும் அதே கதைதான். என் கட்டுரைகள் பல மறந்துபோன பிறகும் அந்தக் கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நடுவில் வேலை விஷயமாக இத்தாலியில் டிரியெஸ்ட் போனேன். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய தியரி இயற்பியல் மையம் அங்கே இருக்கிறது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்க, சோவியத் பிளாஸ்மாக்காரர்களை அவர் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தார். மார்ஷல் ரோசன்புளூத் வந்திருந்த அந்த வருஷத்தைப் பற்றி அங்கே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்மா இயற்பியலின் போப் என்றே அவருக்குப் பெயர். ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதை மட்டும் எழுதினேன். எங்கள் மாதா கோவிலுக்கு 1962-ல் பசிலிக்கா தகுதி கொடுத்தவர் போப் இருபத்து மூன்றாம் ஜான். மகன் இன்னொரு போப்பின் ஆட்களோடு பழகுகிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். அந்த போப் இளமையில் ஹைட்ரஜன் குண்டுக்குக் கணக்குப் போட்டவர் என்பதை நான் எழுதவில்லை.

அம்மா தன் பங்குக்கு ஒரு நேர்ச்சை வைத்தாள். வேளாங்கண்ணிக் காணிக்கைக் காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண், கை, கால், தொட்டில், வீடு, ஸ்டெதாஸ்கோப் என்று என்னென்னவோ வெள்ளியிலும் தங்கத்திலும் இருக்கும். "உன் மெஷின் எரிஞ்சுதுன்னா வெள்ளியில அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்கிறேன்டா." மெஷின் வளைய வடிவம் என்றதும் ஆசாரி, "கொலுசைவிடச் சுலபம்" என்றாராம். ஆனால் எங்கள் ஊர் முறை தெளிவானது. காரியம் நடந்த பிறகுதான் காணிக்கை.

அரசாங்கங்கள் அந்த விஷயத்தில் அம்மாவைவிடப் பக்தி மிகுந்தவை. 1985-ல் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது, எல்லோரும் சேர்ந்து ஒரே பெரிய மெஷினாகக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. சந்தித்த இடம், சொல்லவே வேண்டாம், ஜெனீவா. அதுதான் ஐ.டி.இ.ஆர். பிரான்சின் கடராஷ் என்ற இடத்தை 2005-ல் முடிவு செய்தார்கள். அதே வருஷக் கடைசியில் இந்தியாவும் சேர்ந்தது. ஆரம்ப மதிப்பீடு சுமார் 500 கோடி யூரோ. இப்போது 2,000 கோடிக்கு மேல். நம் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது. மெஷினை மூடும் மாபெரும் எஃகுக் கலம், சுமார் 30 மீட்டர் உயரம், 3,800 டன்னுக்கு மேல், குஜராத்தின் ஹசீராவில் எல் அண்டு டி செய்தது. 50 மெகாவாட் சூட்டை உள்ளே விட்டால் 500 மெகாவாட் வெளியே வரும் என்பது வாக்கு. முதல் பிளாஸ்மா 2016 என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், 2024-ல் பார்த்தால் 2034 ஆகியிருந்தது. டிரிட்டியத்தைத் தொடுவது 2039-ல். அம்மா அந்த வெள்ளியை வாங்கவே இல்லை. அன்றைக்கே வாங்கிப் போட்டிருந்தால், இன்றைய விலைக்கு, இந்தத் துறையில் லாபம் பார்த்த ஒரே ஆள் அவளாக இருந்திருப்பாள்.

கணக்குப் போடுவதில்தான் நிஜமான புரட்சி. எழுபதுகளில் துளை போட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவேன். ஓர் அட்டை இடம் மாறினால் ஒரு வாரம் போச்சு. இன்றைக்கு அதே காந்திநகரில் அந்த்யா என்ற கணினி நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்கு போடுகிறது. ஒரு தப்பான சமன்பாட்டை இத்தனை வேகத்தில் போட்டுப் பார்க்கும் வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

2022 டிசம்பரில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கண்டுபிடிச்சிட்டாங்களாமே! டிவில ஓடுது." அமெரிக்காவில் லேசரை வைத்துச் செய்தது. உள்ளே போன லேசர் சக்தி 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. அவன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன். அதனால் யூனிட்டில் மாற்றிச் சொன்னேன். வெளியே வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. லேசரை ஏற்ற மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 83 யூனிட். "அப்போ நம்ம இலவச நூறு யூனிட்ல ஒரு தடவைதான் பண்ணலாமா மாமா?" என்றான். ஆமாம், ஒரு தடவைதான். இங்கிலாந்தின் ஜெட் மெஷின் 2023-ல் ஐந்து நொடியில் 69 மெகாஜூல் கொடுத்துச் சாதனையோடு கடையைக் கட்டியது. அது பத்தொன்பது யூனிட். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது. எங்கள் காலத்தில் பிளாஸ்மா பத்தில் ஒரு நொடி நின்றால் ஸ்வீட் வாங்கிக் கொடுப்போம். 2025 பிப்ரவரியில் பிரான்சில் 1,337 நொடி, அதாவது இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல், நிறுத்திக் காட்டினார்கள். வளைகள் அடைபட்டுக்கொண்டுதான் வருகின்றன.

ஊரும் சும்மா இருக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பத்து கிலோமீட்டர் ரயில் பாதை 2010-ல் ஒருவழியாக வந்தது. கடைக்கார அண்ணனின் மகன் இப்போது லாட்ஜ் வைத்திருக்கிறான். மொட்டை மாடி முழுக்க சோலார் பலகை. ஐஸ் பெட்டி மூன்று இருக்கிறது. "சித்தப்பா, நீங்களும் சூரியனைத்தானே பண்றீங்க? நாங்க நேரா வாங்கிக்கிட்டோம்" என்கிறான். பதில் சொல்ல முடியாத கேள்விகளைத் தியரிக்காரன் புன்னகையோடு கடந்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் பயிற்சியில் ஒரு பாடம்.

மாதா கோவிலின் போன கொடியேற்றத்துக்கு, ஆகஸ்டு 29 அன்று, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் எம்.எஸ்சி. இயற்பியல். பிளாஸ்மாவில் ஆராய்ச்சி செய்ய ஆசை. அவனுக்கு எல்லாத் தேதிகளும் மனப்பாடம்: 2034, 2039, இந்தியாவில் 250 மெகாவாட் மாதிரி உலைக்கு நம்மவர்கள் போட்டிருக்கும் 2060. தனியார் கம்பெனிகள் அதற்கு முன்பே தருகிறோம் என்று சொல்லும் தேதிகளும் தெரிந்து வைத்திருந்தான். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காவிரித் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிறவர். தேதிகளைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். இந்த வேலை பர்மனென்ட்டுங்களா?"

"இதைவிட பர்மனென்ட்டான வேலை இந்தியாவுல கிடையாதுங்க" என்றேன்.

அவருக்குப் பரம திருப்தி. பையன்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.